ஊவாத் தோட்டங்களும் மரப்பட்டைப்புண் நோய்களும்: பங்கசுகளை இனங்கண்ட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஊவா மாகாணத்தின் பெருந்தோட்ட வரலாறு இதுவரை பெரும்பாலும் காணிச் சட்டங்களின் வரலாறாகவும், தென்னிந்தியத் தொழிலாளர் குடியேற்றத்தின் வரலாறாகவும், 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய புகையிரதப் பாதையின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆயினும் இம்மலைகளில் எப்பயிர் நின்றது, எப்பயிர் அழிந்தது என்பதைத் தீர்மானித்தவற்றுள் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத சில பங்கசுகளும் அடங்கும். அவற்றை இனங்காண்பதில் அறிஞர் அடைந்த வெற்றியும், அதனினும் மேலாக அவர்கள் இழைத்த தவறும், வரலாற்று மாணவனின் கவனத்துக்கு உரியன.

இவ்வரலாறு ஊவாவிலேயே தொடங்குகின்றது. 1869ஆம் ஆண்டில் பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பது அவதானிக்கப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பாதிரியாரும் பங்கசியல் அறிஞருமான பேர்க்லி அதே ஆண்டிலேயே அதற்கு ஹெமிலியா வஸ்தத்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பெயரின் பிற்பகுதிக்கு 'அழிப்பது' என்பது பொருள். பெயரிட்டவர் இலங்கையைக் கண்டவரல்லர். ஆனாலும் பெயர் பொருந்திற்று.

பெயர் கிடைத்த பின்னரும் நோய் எவ்வாறு பரவுகின்றது என்பது விளங்கப் பதினொரு ஆண்டுகள் கழிந்தன. அதற்கிடையில், 1878 அளவில் ஏறக்குறைய 275,000 ஏக்கருக்குக் கோப்பி விரிந்திருந்தது. 1880ஆம் ஆண்டில் வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர், ஒட்டும் பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களிற் வைத்துக் காற்றில் வரும் வித்திகளைப் பிடித்தார். அவை இலைத்துளைகளின் வழியே உட்புகுவதை நுணுக்குக்காட்டியிற் கண்டார். காரணி ஐயமற நிறுவப்பட்டது. கோப்பியோ மீளவில்லை.

கோப்பிக்குப் பதிலாகத் துரைமார் நாடிய பயிர்களுள் ஒன்று சிங்கோனா. 1861ஆம் ஆண்டு தொடக்கம் ஹக்கலைப் பூங்காவில் வளர்க்கப்பட்டு வந்த இம்மரத்தின் பட்டையிலிருந்தே கொயினா எடுக்கப்படுகின்றது. பட்டைக்காகவே வளர்க்கப்பட்ட மரத்துக்குப் பட்டையிலேயே நோய் வந்தமை ஒரு விபரீதம். பட்டை வெடித்துக் கருகி, உள்மரம் தெரிய, மேற்கிளைகள் வாடும் இந்நிலையை ஆங்கிலேயர் 'கன்கர்' என்றனர். பட்டைப்புண் என்பது தமிழில் அதற்குப் பொருத்தமான சொல். வார்ட் 1882இல் நாடு திரும்பிய பின்னர், நூற்றாண்டின் இறுதிவரை பேராதனையில் பங்கசியலுக்கென அலுவலர் ஒருவர் நிலையாக இருக்கவில்லை. எனவே சிங்கோனாவின் புண்ணுக்குக் காரணம் இன்னதென எவரும் அன்று நிறுவவில்லை. 1880களின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கும் மேற்பட்ட பட்டை ஏற்றுமதியாகி, விலை வீழ்ந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டதும், அக்கேள்வியும் மரங்களோடு வெட்டுண்டு போயிற்று.

பட்டைப்புண்ணின் காரணியை இனங்காணும் முயற்சி முறையாக நடைபெற்றது ஊவாவிலன்று; தும்பறை, மாத்தளைப் பகுதிகளின் கொக்கோத் தோட்டங்களிலாகும். ஊவாவின் தேயிலைக்குப் பிற்காலத்தில் வந்த நோய்களை விளங்கிக்கொள்வதற்கு அங்கு நேர்ந்த தவறு இன்றியமையாததாகலின், அதனைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

கொக்கோ மரங்கள் பட்டைப்புண்ணால் மாய்வதை ஆராய 1890களின் இறுதியில் கருதர்ஸ் என்பவர் வரவழைக்கப்பட்டார். இறந்த பட்டையின்மீது குண்டூசித் தலையினும் சிறிய செந்நிற உருண்டைகள் கூட்டங்கூட்டமாகத் தோன்றுவதை அவர் கண்டார். அவை நெக்ரியா என்னும் பங்கசின் வித்தியுறைகள். ஐரோப்பாவில் அப்பிள் முதலிய மரங்களின் பட்டைப்புண்ணுக்கு நெக்ரியாவே காரணமென்பது அக்காலத்தில் நன்கறியப்பட்ட செய்தி. அங்கு கண்டது இங்கும் பொருந்தும் என்ற முடிவு இயல்பாகவே எழுந்தது. நோயுற்ற பட்டையைச் செதுக்கி எரிக்கவும் நிழலைக் குறைக்கவும் அவர் அறிவுறுத்தினார். அதனாற் பயன் விளையாமலில்லை. எனினும் நோய் திரும்பத் திரும்ப வந்தது.

1910ஆம் ஆண்டில் திரினிடாத்தில் ரோரரும் பேராதனையில் பெச்சும் தனித்தனியே ஒரே முடிவை வெளியிட்டனர். கொக்கோக் காய்களைக் கருக்கி அழுகச்செய்யும் பைற்றோப்தோராவே பட்டைப்புண்ணையும் உண்டாக்குகின்றது; நெக்ரியா, அது கொன்ற பட்டையில் பின்னர் குடியேறும் வாடகைக்காரனே. அழுகிய காயிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்ததை நலமான மரத்தின் பட்டையிற் செலுத்தியபோது புண் உண்டாயிற்று. காணப்பட்டதெல்லாம் காரணமாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. கண்ணைப் பறிக்கும் செந்நிறம் அறிஞரை ஒரு பத்தாண்டுக்கும் மேலாக வழிதவறச் செய்தது. மரத்தில் விடப்பட்ட அழுகற் காய்களே புண்ணுக்கு ஊற்று என்பதும், அவற்றைக் கொய்து புதைக்க வேண்டுமென்பதும் இதன் பின்னரே விளங்கின. இவ்வுயிரி பிற்காலத்திற் பைற்றோப்தோரா பல்மிவோரா என்னும் இனத்துள் அடக்கப்பட்டது. கோதாவரிக் கழிமுகத்துப் பனைமரங்களின் நோயை ஆராய்ந்த பட்லர் வைத்த பெயர் அது. பனையை உண்பது என்று பொருள்படும் அப்பெயர் தமிழருக்கு உவப்பானதன்று. இன்றைய வகைப்பாட்டில் இது மெய்ப் பங்கசாகவே கொள்ளப்படுவதில்லை.

தோமஸ் பெச் முன்னர் இங்கிலாந்திற் பள்ளி ஆசிரியராயிருந்தவர். 1905இல் பேராதனைக்கு வந்து, 1923இல் தேயிலைச் செடியின் நோய்கள் பற்றிய நூலை வெளியிட்டு, 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதற் பணிப்பாளரானார். தோட்டத்தார் சவுக்கு என்றழைக்கும் கிரெவிலியா மரங்களை வெட்டியபின், விடப்பட்ட அடிக்கட்டைகளில் உஸ்துலினா என்னும் பங்கசு தோன்றி, வேர்வழியே அயற்றேயிலைக்குப் பரவுவதை எடுத்துக்காட்டியவர் அவரே. தேயிலையின் கிளைப்பட்டைப்புண்ணுக்குரிய மக்ரோபோமா தெயிகோலாவும், இளஞ்செடியின் அடித்தண்டைச் சுற்றிப் புண்ணாக்கும் போமொப்சிஸ் தியேயும் அவர் விவரித்துப் பெயரிட்டவையே.

இவற்றை வெளித்தோற்றத்தால் வேறுபடுத்த முயல்வது ஆபத்தானது. இரண்டிலும் பட்டை அமிழ்ந்து இறக்கின்றது. இரண்டிலும் கரும்புள்ளிகளே தெரிகின்றன. போமொப்சிசின் புள்ளியைப் பிளந்து நுணுக்குக்காட்டியில் நோக்கினால், இருமுனையும் ஒடுங்கிய சிறு வித்திகளும் கொக்கிபோல் வளைந்த நூல்வடிவ வித்திகளும் காணப்படும். மக்ரோபோமாவின் வித்திகள் பெரியவை, ஒரே வகையின. வித்தியை அறிந்தபின் வளர்ப்பூடகத்தில் வளர்த்து, நலமான செடியிற் செலுத்தி, புண் தோன்றக் கண்டு, அதிலிருந்து மீண்டும் அதே பங்கசைப் பிரித்தெடுத்தாலன்றி வழக்குத் தீராது. கொக்கோ கற்பித்த பாடம் இது.

போமொப்சிசின் முக்கியத்துவம் உணரப்பட்டது பிற்காலத்தில். விதையிலிருந்து வளர்ந்த பழந்தேயிலையைப் பிடுங்கி, வெட்டுத்துண்டுகளால் இனம்பெருக்கிய வி.பி. தேயிலையை நடும் பணி 1950களின் இறுதியிலிருந்து விரைவுற்றது. இப்புதிய மலைகளில் இளஞ்செடிகள் ஆங்காங்கே வாடி மாய்ந்தன. 1960களில் தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் சண்முகநாதன் இந்நோயை ஆராய்ந்தார். அவரும் ரொட்றிகோவும் 1967இல் வெளியிட்ட கட்டுரை மண்ணீரத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. ஈரங் குன்றி வருந்தும் செடியிலேயே பங்கசு புண்ணை விரிக்கின்றது. பங்கசு இன்னதென அறிந்ததோடு விசாரணை முடியவில்லை. அது எப்போது வலிமை பெறுகின்றது என்பதே அடுத்த வினா.

இவ்வினாவுக்கு ஊவாவின் பருவநிலை தனி விடையொன்றைத் தருகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவிலேயே மழையைச் சொரிந்துவிட்டு, யூலை முதல் செப்டெம்பர் வரை அப்புத்தளை, பண்டாரவளை, பசறை, நமுனுகுலை மலைகளை வறண்ட கச்சானாகவே கடக்கின்றது. ஊவாத் தேயிலையின் உலகறிந்த நறுமணத்துக்கு இவ்வறட்சியே காரணம். கொழும்பு ஏலத்தில் விலையை உயர்த்துவதும் இதுவே. இளஞ்செடியை நீருக்கு ஏங்கவைத்துப் புண்ணுக்கு வழிதிறப்பதும் இதே காற்று. நறுமணத்தையும் நோயையும் ஒரே காற்றுத் தருகின்றதாயின், நோய்க்காரணி எதுவென ஒற்றைச் சொல்லில் எவ்வாறு விடைகூறுவது?

பங்கசு உட்புகுவது பெரும்பாலும் காயத்தின் வழியேயாகும். கவ்வாத்துக் கத்தி மழுங்கியிருந்தால் பட்டை கிழிகின்றது. களை சுரண்டும்போது அடித்தண்டு உராய்கின்றது. கவ்வாத்தின் பின் இலையின்றி நிற்கும் கிளைகளை வெயில் சுடுகின்றது. ஆகவே பழி எளிதாகத் தொழிலாளியின் கைமேல் விழும். ஆனால் எந்த மாதத்திற் கவ்வாத்து நடைபெற வேண்டும், ஒரு நாளுக்கு எத்தனை செடி வெட்டப்பட வேண்டும் என்பவற்றைத் தொழிலாளி தீர்மானித்ததில்லை. வறண்ட காலத்தில் வெட்டலாகாது என்பது அறிவுரை. கணக்கு முடிய வேண்டுமென்பது கட்டளை. இரண்டும் முரணியபோது எது வென்றிருக்கும் என்று ஊகிக்க ஆவணம் தேவையில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கிய பின்னரும், 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னரும், நாட்கணக்கு என்பது நீங்கவில்லை.

இவ்வரலாற்றில் இன்னொரு குறையுமுண்டு. துவெயிற்ஸ், வார்ட், பெச் ஆகியோரின் பெயர்கள் பங்கசுகளின் பெயர்களோடு சேர்த்து எழுதப்பட்டுள்ளன. நிரைநிரையாக நடந்து ஒவ்வொரு செடியையும் நாள்தோறும் தொட்டவர்கள் கொழுந்து பறித்த பெண்களும் கவ்வாத்து வெட்டிய ஆண்களுமே. வாடிய செடியை முதலிற் காணக்கூடியவர்கள் அவர்களே. மடுல்சீமையில் அந்தச் செம்மஞ்சள் தூள் எவர் விரலில் முதலில் ஒட்டிற்று என்பதைப் பேராதனைக்கு இலைகளோடு சென்ற எந்தக் கடிதமும் கூறவில்லை.