மேய்க்காலில் கற்ற பாடம்

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டித் தேர்வாய் கண்டிகை என்னும் சிற்றூர் உண்டு. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பொது நிலம் அங்கே இருந்தது. ஏட்டில் அது மேய்க்கால், கண்ணுக்கோ காடு. ஆடுமாடு மேய்ந்ததும், விறகு பொறுக்கியதும், பச்சிலை பறித்ததும் அதிலேதான். அண்டை ஏரிகளுக்கு மழைநீர் இறங்கியதும் அதன் வழியேதான்.

நேயர்களே, அது பிள்ளைகளுக்குப் பள்ளியாகவும் இருந்தது என்பேன். ஆடு மேய்ப்பதை யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. ஐந்தாறு வயதுப் பிள்ளை பாட்டியின் பின்னே போகும். குட்டியைத் தூக்கி வரும். பிறர் கொல்லையில் நுழையும் ஆட்டை ஓடி மறிக்கும். மறு ஆண்டு இரண்டு ஆடு அதன் பொறுப்பு. அடுத்த வீட்டு ஆடு வழி தவறினால் அதையும் ஓட்டிவர வேண்டும். இல்லையேல் நாளை நம் ஆட்டை யார் தேடுவார்? இதற்குப் புகழுரையும் இல்லை, கூலியும் இல்லை. பாட்டியோடு மேய்ச்சலுக்குப் போன நாட்களில் நான் செய்த உதவியினும் கொடுத்த தொல்லையே மிகுதி. ஆயினும் "நீ வேண்டாம், வீட்டில் இரு" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

1950-களில் ஜான் வைட்டிங், பியாட்ரிஸ் வைட்டிங் என்னும் அமெரிக்க அறிஞர் இணையர் ஆறு நாட்டுப் பிள்ளைகளை ஆராயச் செய்தனர். முடிவு 1975-இல் நூலாயிற்று. ஆடுமாடு மேய்த்தும் தம்பி தங்கையரைப் பேணியும் வளர்ந்த கென்யப் பிள்ளைகளிடம் பிறர்க்கு உதவும் பண்பு மிகுந்திருந்தது. அமெரிக்கப் பிள்ளைகளிடம் அது குறைவு. நம் வடநாட்டுக் காலாப்பூர்ப் பிள்ளைகளும் அவர்கள் பக்கமே நின்றனர்! ஆகவே, பழைய நாடு என்பதால் மட்டும் வருவதன்று இப்பண்பு. குடும்பத்துக்கு மெய்யாகவே வேண்டிய வேலை பிள்ளையின் கையில் இருக்கவேண்டும்.

வேலை என்றதும் அஞ்சவும் வேண்டும். கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. அதன் பின்னரும் இதே திருவள்ளூர் மாவட்டத்து அரிசி ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்கள் பிள்ளைகளோடு மீட்கப்பட்டன. முன்பணக் கடனுக்காகப் பிள்ளை உழைப்பது உதவியன்று.

தேர்வாய் கண்டிகை மேய்க்கால் சிப்காட் தொழிற்பூங்காவுக்குச் சென்றது. ஊரார் எதிர்த்துப் போராடினர். 2009-இல் பெரிய டயர் ஆலை ஒன்றுக்கு அங்கே இடம் உறுதியாயிற்று, மரங்கள் வீழ்ந்தன. தொழில் வேண்டாம் என்பார் யார்? ஆயினும் ஆலைக்குள் பாட்டி தன் பேரனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல இயலாது. வாயிலிலேயே இருவரையும் நிறுத்திவிடுவார்கள்.