துதிக்கை இழந்த திருவாடானை

எங்கள் மாவட்டத்துத் திருவாடானையின் பெயரில் ஆடும் ஆனையும் உண்டு என்பது தலபுராணம். எழுத்திலும் ஓர் ஆனை இருந்தது, என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பழைய 'னை'யில் ஐகாரம் தனியே நிற்காது. எழுத்தோடு ஒட்டித் துதிக்கைபோல் வளைந்திருக்கும். பஸ் போர்டில் தடித்த எழுத்தில் அந்த வளைவு தெரிந்தாலே தூரத்தில் வரும்போதே ஊரைச் சொல்லிவிடுவேன். சுவரொட்டிகளின் மர எழுத்துகளிலும் அதே வளைவுதான்; அவ்வளவு பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் கனம் தாங்காது.

பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தை, 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. பிள்ளைகளுக்கும் அச்சுக்கோப்பவருக்கும் சுலபமாயிற்று. துதிக்கை போயிற்று.

கணினியில் இரண்டு வடிவுக்கும் குறியீடு ஒன்றே. எப்படிக் காட்டுவது என்பது எழுத்துருவின் வேலை. பழைய பாணியில் எழுத்துரு வரையும் இளைஞர்கள் அந்த வளைவையும் வரையட்டும். ஆனைக்கு அழகு துதிக்கைதானே!