கூலுமின் அரைப் பாகை

கூலும் 1785இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்த முறுக்குத் தராசு ஆய்வுரையில், மின் விலக்கு விசைக்குச் சான்றாக நிற்பவை மூன்றே அளவீடுகள். இந்தச் சிக்கனம் பலரை உறுத்தியிருக்கிறது. 1992இல் பீட்டர் ஹீரிங் அதே அமைப்பில் ஒரு தராசைச் செய்து பார்த்தார். எதிர்த்தகவு இருமடி விதிக்கு இணங்கும் எண்கள் அவருக்குக் கிட்டவில்லை. அளப்பவரின் உடலில் தங்கும் மின்னூட்டமே தராசைக் குலைக்கப் போதுமாக இருந்தது. அதனால், அச்சில் உள்ள எண்களைக் கூலும் அளந்தே பெற்றார் என்பது ஐயத்துக்குரியது என்றார். 2006இல் ஆல்பர்ட்டோ மார்ட்டினெஸ் தம் தராசில் கூலுமுக்கு நெருங்கிய விளைவுகளைப் பெற்றதும் வழக்கு முடிந்ததாகக் கருதுவோர் உண்டு. அது போதாது. இன்று ஒருவரால் செய்ய முடிந்தது என்பதாலேயே அன்று இன்னொருவர் செய்தார் என்று ஆகிவிடாது. ஹீரிங்குக்கான மறுமொழியை அந்த மூன்று எண்களுக்குள்தான் தேட வேண்டும்.

நூலில் தொங்கும் இரண்டு நெட்டி உருண்டைகள் ஒன்றையொன்று விலக்குவதை 1750களிலேயே ஜான் கேன்டன் காட்டிவிட்டார். ஆனால் அங்கே விலக்கு விசையை எதிர்ப்பது உருண்டையின் எடை. ஒரு மின்னூட்டத்துக்கு ஒரே சமநிலைதான். அதே மின்னூட்டத்தில் இடைவெளியை மட்டும் மாற்றிப் பார்க்க வழியில்லை. எடையின் இடத்தில் மெல்லிய வெள்ளிக் கம்பியின் முறுக்கத்தை வைத்ததுதான் கூலுமின் கைத்திறன். மேலிருக்கும் திருகைச் சுற்றினால் உருண்டைகள் நெருங்கும். எவ்வளவு சுற்றினோம் என்பது விசையின் கணக்கில் சேரும்.

முதல் அளவீட்டில் திருகைத் தொடவில்லை; உருண்டைகள் 36 பாகை விலகி நின்றன. அடுத்து 126 பாகை சுற்றியதும் இடைவெளி 18. மூன்றாவதில் 567 பாகை சுற்ற, இடைவெளி எட்டரை. கம்பியின் மொத்த முறுக்கம் சுற்றிய பாகையும் இடைவெளியும் சேர்ந்தது: 126ஐயும் 18ஐயும் கூட்டினால் 144. இடைவெளி பாதியானால் இருமடி விதி கேட்பதுபோலவே, அது 36இன் சரியான நான்கு மடங்கு. இடைவெளி மீண்டும் பாதியாக வேண்டுமானால் தேவைப்படும் அதன் நான்கு மடங்கு 576. இங்கேதான் நிற்க வேண்டும்: 576இலிருந்து 9ஐக் கழித்தால் 567. ஆக, உருண்டைகள் 9 பாகையில் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் அவர் திருகைச் சுற்றியிருக்கிறார். விதி அவர் மனதில் முன்பே இருந்தது என்ற அளவுக்கு ஹீரிங்கின் ஐயம் நியாயமானதே. ஆனால் அச்சில் இருப்பது 9 அல்ல, எட்டரை. எண்ணைப் புனைய உட்கார்ந்தவருக்கு 9 கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதை விட்டுவிட்டார். சுற்றியது கணக்கின்படி, படித்தது கருவியின்படி என்பதே என் வாசிப்பு.

நம்பவைப்பதற்காகவே அரைப் பாகையைக் குறைத்திருக்கலாமே என்று கேட்கலாம். அலங்காரத்துக்கு அது மிகப் பெரிய பிசகு. மின்னூட்டம் மாறாதிருந்தால் முறுக்கத்தை இடைவெளியின் இருமடியால் பெருக்கிய தொகை மூன்று அளவீட்டிலும் ஒன்றாக வர வேண்டும். மூன்றாவதில் அது ஏறத்தாழ 11 விழுக்காடு குறைகிறது. குறைவின் திசையும் கவனத்துக்குரியது. உருண்டைகள் காற்றில் மின்னூட்டத்தை இழந்துகொண்டே இருப்பவை. 30 பாகை இடைவெளியில், 50 பாகை முறுக்கத்தில், மூன்று நிமிடத்துக்கு ஒரு பாகை நெருங்கின என்றும், மூன்று அளவீடுகளும் இரண்டே நிமிடத்தில் முடிந்ததால் அந்த இழப்பைப் புறக்கணிக்கலாம் என்றும் கூலுமே எழுதுகிறார். அவர் தந்த வேகத்தையே வைத்துக் கணக்கிட்டால் இரண்டு நிமிட இழப்பு 5 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அதாவது குறைவில் பாதி. மீதிப் பாதி இடைவெளியில் கால் பாகைக்குச் சமம். அவ்வளவு மெல்லிய கம்பியில் அந்தப் பிழை இயல்பு. அவர் புறக்கணித்த இழப்பு அவருடைய எண்ணிலேயே பதிந்திருக்கிறது. இப்படியொரு தடத்தைப் புனைவு விட்டுவைப்பது அரிது.

முதல் எண்ணான 36தான் சங்கடம் தருகிறது. அவ்வளவு வாகான எண் தற்செயலாக விழுந்திருக்குமா? கூடுதலாக மின்னூட்டி, இழப்பால் உருண்டைகள் நெருங்கி 36க்கு வரும்வரை அவர் காத்திருக்கலாம். அப்போது 126ஐயும் 567ஐயும் முன்பே குறித்துவைக்க முடியும். ஆய்வுரை இதைச் சொல்லவில்லை. என் ஊகம் மட்டுமே. விதியை அவர் எப்போது உறுதியாக நம்பினார் என்பதும் திறந்த கேள்விதான். பிரீஸ்ட்லி 1767இல் இருமடி விதியை ஊகித்திருந்தார். ராபிசன் 1769இலேயே அளந்ததாகச் சொல்லப்படுவது அவருடைய பிற்காலக் கூற்றையே நம்பி நிற்பதால் அதை இங்கே சாட்சியாக வைக்க முடியாது. கம்பியின் முறுக்கம் பற்றிய கூலுமின் ஆய்வுரை 1784ஐச் சேர்ந்தது. தராசு அதை ஒட்டியே உருவானதால், 567 என்ற எண் அதற்கும் 1785க்கும் இடையில் எழுதப்பட்டிருக்கலாம். அதற்கு மேல் காலத்தை நெருக்கிச் சொல்ல அச்சில் உள்ள உரை இடம் தரவில்லை.