"யாருலே செத்தது?": தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவும் அதன் ரசிகர்களும்

போன முறை 1969-ல் வங்கிகள் நாட்டுடைமை ஆன கதையை எழுதினேன். இந்த முறை பாட்டு. பி.காம் படிக்கிறவனுக்கு இது எதுக்கு என்று கேட்காதீர்கள், கடைசியில் கணக்கும் வரும் :)

ஒரு ஞாயிற்றுக்கிழமை இலத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னைக் குழுவின் பாட்டு. பறையும் சட்டியும் சேர்ந்து அடிக்க ஆரம்பித்ததும் உள்ளே படுத்திருந்த தாத்தா எழுந்து வெளியே வந்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "யாருலே செத்தது?" என்று கேட்டார்.

அப்போது சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மண்டையை விட்டுப் போகவில்லை. எங்கள் பக்கம் கோயில் கொடை என்றால் நையாண்டி மேளம் வரும், வில்லுப்பாட்டு வரும். பறை வந்தால் அது சாவுக்குத்தான். அந்தச் சத்தம் கேட்டதும் தாத்தாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எண்பது வருஷப் பழக்கம்.

இதே குழுவைப் பற்றி கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் என் நண்பர்கள் இரண்டு பேர் தென்காசி வரும் வரை சண்டை போடுவார்கள். "ஆரம்பத்துல இருந்த முரட்டுத்தனம் போயிட்டுடே, இப்ப எல்லாம் பாலிஷ் போட்ட பாட்டு" என்பான் ஒருவன். "முரட்டுத்தனம்னா என்னலே? அவங்க எப்பவும் அழுக்குச் சட்டை போட்டுக்கிட்டு கத்தணுமா?" என்பான் மற்றவன். இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம்? அதைப் பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சவப்பெட்டியில் இருந்து ஒரு பாட்டுக்காரர்

அதிர்ச்சி கொடுத்துப் பாடுவது உலகத்தில் புதிது இல்லை. இங்கிலீஷில் இதை ஷாக் ராக் என்பார்கள். அதன் முன்னோடி என்று பலரும் சொல்வது ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகரை. 1950-களில் மேடையில் ஒரு சவப்பெட்டியை வைத்து, அதற்குள் இருந்து எழுந்து வந்து பாடுவார். அவருக்கு உண்மையில் இருந்த ஆசை ஆபரா பாடகர் ஆவது. ஆனால் ஜனங்களுக்கு அவருடைய குரலைவிட சவப்பெட்டிதான் பிடித்திருந்தது. கடைசி வரைக்கும் அந்தப் பெட்டி அவரை விடவில்லை.

அடுத்து 1970-களில் ஆலிஸ் கூப்பர் மேடையில் கில்லட்டினை வைத்துத் தன் தலையையே வெட்டுவது போல வித்தை காட்டினார். 1973-ல் நியூயார்க்கில் தொடங்கிய கிஸ் குழு முகம் முழுக்கச் சாயம் பூசி, நெருப்பைக் கக்கி, கூட்டத்தைச் சேர்த்தது. அவர்கள் 1979-ல் டிஸ்கோ சாயலில் ஒரு பாட்டு போட்டார்கள். அது பெரிய ஹிட். ஆனால் பழைய ரசிகர்கள் பலர் துரோகம் என்றார்கள். 1983-ல் டிவியில் முகச்சாயம் இல்லாமல் வந்தார்கள், அதற்கும் சண்டை. 1996-ல் மறுபடி சாயம் பூசினார்கள், இப்போது "காசுக்காக" என்று சண்டை!

ரசிகன் பாட்டை மட்டும் கேட்பதில்லை. முதல் தடவை கேட்டபோது தனக்குள் ஏற்பட்ட அந்த உதறலை மறுபடி மறுபடி கேட்கிறான். ஆனால் முதல் தடவை என்பது ஒரு தடவைதானே?

கானா: சாவு வீட்டில் இருந்து சினிமாவுக்கு

இனி நம்ம ஊர். கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் அடித்தளம் கானா. வடசென்னையின் உழைக்கும் மக்கள், பெரும்பாலும் தலித் மக்கள், வளர்த்த பாட்டு. யாராவது இறந்தால் ராத்திரி முழுக்கப் பிணத்தைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், இறந்தவரைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் பாடுவார்கள். கையில் கிடைத்ததுதான் வாத்தியம். மேசை, சட்டி, பெட்டி எது வேண்டுமானாலும். காதல், ஜெயில், போலீஸ், கடன் எல்லாம் அதில் வரும். "நாகரிகமான" வீடுகளில் இதை ரொம்ப காலம் பாட்டாகவே மதிக்கவில்லை.

சினிமா இதை மெதுவாக உள்ளே இழுத்தது. 1990-களில் தேவா இசையில் கானா தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. 2006-ல் வந்த சித்திரம் பேசுதடி படத்தில் கானா உலகநாதன் பாடிய வாள மீன் பாட்டு எங்கள் ஊர்க் கல்யாண வீடுகள் வரை வந்துவிட்டது. 2012-ல் பா.இரஞ்சித்தின் முதல் படமான அட்டகத்தியில் கானா பாலா பாடினார். சந்தோஷ் நாராயணனுக்கும் அதுதான் முதல் படம்.

அப்போதே கானா ரசிகர்களுக்குள் ஒரு முணுமுணுப்பு உண்டு. சினிமாவுக்கு வந்ததும் கானாவில் சாவு போய்விட்டது, குத்து மட்டும் மிச்சம் என்று. யோசித்தால் அதில் உண்மை இருக்கிறது. துள்ளல் மேலே வந்தது, துக்கம் வடிகட்டி எடுக்கப்பட்டது.

கீழ்ப்பாக்கம், 2018 ஜனவரி 6

இந்த இடத்தில்தான் நம் குழு வருகிறது. பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், கிட்டார், டிரம்ஸ் வாசிக்கிறவர்கள், பறை, சட்டி, கட்டமோளம் அடிக்கிறவர்கள் என்று 19 பேர். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை.

அவர்கள் என்ன வேஷத்தில் வந்தார்கள் தெரியுமா? சவப்பெட்டி இல்லை, முகச்சாயம் இல்லை, ரத்தம் இல்லை. எல்லாரும் ஒரே மாதிரி கோட்டு சூட்டு! அம்பேத்கர் கோட்டு போட்டதற்குப் பின்னால் இருந்த அரசியலை இரஞ்சித் 2016-லேயே கபாலியில் பேச வைத்திருந்தார். இங்கே அது மேடைக்கு வந்தது. சாவு வீட்டு வாசலில் நின்று அடிக்கும் கருவி, கோட்டு போட்ட கைகளில்.

பெயரே அடுத்த அதிர்ச்சி. அதன் வேர் அயோத்திதாசப் பண்டிதரிடம் (1845-1914) இருக்கிறது. சாதிபேதமற்ற திராவிடர்கள் என்று தங்களைப் பதிவு செய்துகொள்ளச் சொன்னவர் அவர். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தவரும் அவர்தான். (அந்த ஒரு பைசாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.)

பாடிய விஷயங்கள் மூன்றாவது அதிர்ச்சி. இடஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு. வீட்டில் சத்தமாகப் பேசக்கூடாத விஷயங்களை ஆடிக்கொண்டே பாடினார்கள். ஷாக் ராக்காரர்கள் இல்லாத பேயைக் காட்டிப் பயமுறுத்தினார்கள். இவர்கள் பக்கத்துத் தெருவைக் காட்டினார்கள். எது அதிக அதிர்ச்சி?

ரசிகர்களின் மூன்று கட்சி

அதே 2018-ல் 'மகிழ்ச்சி' என்ற ஆல்பம் வந்தது. அதற்குப் பிறகு நான் பார்த்த, பேசிய ரசிகர்களை மூன்று கட்சியாகப் பிரிக்கலாம்.

முதல் கட்சி கானாப் பிரியர்கள். கிட்டாரும் டிரம்ஸும் வந்ததும் கானாவின் தனிக்குரல் அமுங்கிவிட்டது என்பார்கள். கானாவில் ஒருவர் மூச்சை இழுத்து நீட்டிப் பாடும்போது வரும் அந்த வலி, 19 பேர் சேர்ந்தால் வராது என்பது இவர்கள் வாதம். இது லேசாகத் தள்ளக்கூடிய வாதம் இல்லை.

இரண்டாவது கட்சி ராக், ராப் கேட்டு வளர்ந்தவர்கள். இவர்களுக்கு இசை பிடிக்கும், ஆனால் "எல்லாப் பாட்டும் அரசியலா?" என்று கேட்பார்கள். இதே ஆட்கள் பாப் மார்லியின் படம் போட்ட பனியனைப் போட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது கட்சி அரசியலுக்காகவே வந்தவர்கள். குழுவின் ஆட்கள் சினிமாவில் பாடினாலோ, காதல் பாட்டு பாடினாலோ இவர்களுக்குக் கோபம் வரும். கூர்மை மழுங்கிவிட்டது என்பார்கள். பஸ்ஸில் சண்டை போடும் என் முதல் நண்பன் இந்தக் கட்சி.

ஆனால் குழுவில் இருந்தவர்கள் வளர்ந்துகொண்டே போனார்கள். முதல் மேடையில் இருந்த ஒரே பெண் பாடகி இசைவாணி, பிபிசியின் 2020-ம் ஆண்டின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அறிவு 2019-ல் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். 2020 டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை' விழாவைத் தொடங்கியது. மார்கழி என்றாலே சபா, கச்சேரி என்று இருந்த சென்னையில், அதே மாதத்தில் கானாவும் ஒப்பாரியும் மேடை ஏறின. 2021-ல் சார்பட்டா பரம்பரையில் கானா முத்துவும் இசைவாணியும் பாடிய பாட்டு எங்கள் ஊர் மைக்செட் வரை வந்தது.

அதிர்ச்சி போய்விட்டது என்று வருத்தப்படும் நண்பனிடம் நான் கேட்பது இதுதான். அதிர்ச்சி போகத்தானே இந்தக் குழுவே ஆரம்பித்தார்கள்? கிஸ் குழுவுக்கு அதிர்ச்சி தீர்ந்தால் வியாபாரம் நஷ்டம். இவர்களுக்கு அதிர்ச்சி தீர்ந்தால் வெற்றி. பறைச் சத்தம் கேட்டதும் "யாருலே செத்தது?" என்று கேட்காமல் "யார் பாட்டுலே இது?" என்று தாத்தா கேட்டால், அன்றைக்குத்தான் அவர்கள் நினைத்தது நடந்ததாக அர்த்தம். முரட்டுத்தனமாகவே இரு என்று அவர்களிடம் கேட்பது, ஹாக்கின்ஸை மறுபடி சவப்பெட்டிக்குள் போகச் சொல்வது மாதிரி.

இனி கணக்கு

இங்கேயே முடித்தால் நல்ல முடிவாக இருக்கும். ஆனால் கணக்கு சரியாக டேலி ஆகவில்லை.

2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. இது குழுவின் பாட்டு இல்லை. அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் சேர்ந்து செய்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதில் இருந்தது. ஒப்பாரிச் சாயல் உள்ள பாட்டை உலகமே ஆடிக்கொண்டு கேட்டது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள், அறிவு இல்லை. இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்ட பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தபோதும் அறிவு மேடையில் இல்லை. பாட்டை உருவாக்கியதில் யார் பங்கு என்ன என்பதை அறிவு ஒரு விதமாகவும் தீயும் சந்தோஷ் நாராயணனும் வேறு விதமாகவும் பொதுவில் சொன்னார்கள். 2024 மார்ச்சில், அந்தப் பாட்டின் மூலம் தங்கள் யாருக்கும் இதுவரை வருமானமே வரவில்லை என்றார் சந்தோஷ் நாராயணன். ஒரு பைசாத் தமிழன் ஞாபகம் வருகிறதா?

எங்கள் பாடத்தில் காப்புரிமையை அருவச் சொத்து என்று படிக்கிறோம். 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்கிறது. ஆனால் சாவு வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பாடியவர்களுக்கு எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது? அதற்கு எங்கள் புத்தகத்தில் பக்கம் இல்லை.

அதிர்ச்சியும் முழுதாகப் போய்விடவில்லை. சபரிமலைக்குப் பெண்கள் போகலாமா என்ற விவாதத்தை ஒட்டி இசைவாணி பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாட்டு, சில வருஷம் கழித்து 2024 நவம்பரில் திடீரென்று பெரிய சர்ச்சை ஆனது. போலீசில் புகார் வரை போனது. மழுங்கிவிட்டது என்று நண்பன் சொன்ன கத்திதான் இது.

கடைசியாக எங்கள் தெருவுக்கே வருகிறேன். அடுத்த வாரமும் திண்ணையில் அதே பாட்டைப் போட்டேன். தாத்தா இந்தத் தடவை எழுந்து வரவில்லை. உள்ளே இருந்தே "அந்தப் பாட்டாலே?" என்றார். காலால் தாளம் போட்டாரா என்று கேட்காதீர்கள், போடவில்லை. ஆனால் நிறுத்து என்றும் சொல்லவில்லை.

எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒன்று தோன்றியது. பறைச் சத்தம் செல்போன் வழியாக எங்கள் வீட்டு நடு அறை வரை வந்துவிட்டது. எங்கள் ஊர்ச் சாவுகளுக்குப் பறை அடிக்க வருகிறவர்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்ததை இந்த இருபத்தோரு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பாட்டு மாறிவிட்டதா என்று பஸ்ஸில் சண்டை போடும் நாங்கள் மூன்று பேரும் அதைப் பற்றி இதுவரை பேசியதில்லை. நாளைக்கு அந்தப் பேச்சை நான்தான் எடுக்க வேண்டும்.