கடல்நீர் மீன்தொட்டியில் வெண்புள்ளி நோய்: செய்ய வேண்டியது என்ன?

மீனின் உடலில் உப்புத் தூவியதுபோல் புள்ளிகள், கல்லில் உரசுதல், வேகமாக மூச்சு வாங்குதல். இவை 'கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ்' எனும் ஒட்டுண்ணி தாக்கியதன் அறிகுறிகள். கடலில் கூண்டு கட்டி வளர்க்கப்படும் சியாக்காப், கெராப்பு மீன்களையும் இது விடுவதில்லை. நன்னீர் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி வேறு ஒட்டுண்ணியால் வருவது.

ஏன் திரும்ப வருகிறது?

ஒட்டுண்ணி தோலிலும் செவுளிலும் 3 முதல் 7 நாள் தங்கும். பிறகு உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் கூடாக ஒட்டிப் பெருகும். புள்ளி மறைந்தாலும் நோய் தீரவில்லை. சில வாரங்கள் கழித்தும் குஞ்சுகள் வெளிவந்து மீனைத் தேடும்.

சிகிச்சை

* புள்ளி இல்லாதவை உட்பட எல்லா மீன்களையும் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள்.
* செம்பு மருந்தை அதன் லேபிளில் உள்ள அளவிலும் நாள் கணக்கிலும் கொடுங்கள். செம்பின் அளவைத் தினமும் சோதியுங்கள்.
* பவளம், இறால், நத்தை உள்ள தொட்டியில் செம்பு ஊற்றாதீர்கள், அவை மடிந்துவிடும்.
* பெரிய தொட்டியை 76 நாள் மீன் இல்லாமல் விடுங்கள். மீன் கிடைக்காத ஒட்டுண்ணி அழியும்.

பொன்தூள் படிந்ததுபோல் தெரிந்தால் அது வெல்வெட் நோய். ஓரிரு நாளிலேயே மீன்கள் சாகலாம். அன்றே சிகிச்சையைத் தொடங்குங்கள்.

தடுப்பு

கடையில் வாங்கும் புதிய மீனை 4 வாரமாவது தனியே வையுங்கள். வலை, வாளியையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.