போர்க்கால ஜீப்பா, பம்பாய் ஜீப்பா?

"உலகப் போர் ஜீப் அண்ணாச்சி, புதுப்பிக்கப் போறேன்" என்றார் நம் குடியிருப்புத் தம்பி ஒருவர். ஸ்பானரைத் தொடும் முன் வண்டியின் பூர்வீகத்தைப் பார்ப்போம் என்றேன். அது தெரியாமல் வாங்கும் பாகங்கள் பொருந்தாது.

1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ ஜீப்புகளைத் தயாரித்தன. போருக்குப் பின் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. நம் ராணுவமும் அவற்றை ஓட்டியது. ஆகவே பச்சை பெயிண்ட் மட்டும் சாட்சி ஆகாது.

தொடக்க கால வண்டிகள் நீங்கலாக, போர் ஜீப்பின் முன் கிரில்லில் ஒன்பது பிளவுகள், ஸ்டெப்னி பின்புறம், பின்கதவு கிடையாது. சிவிலியன் வண்டிக்கு ஏழு பிளவுகள், பின்கதவு உண்டு. பானெட் உயரமாக இருந்தால், வில்லிஸ் 1953-ல் கொண்டுவந்த சிஜே-3பி வகை.

அடுத்தது சேஸிஸ். நம் உப்புக் காற்று அதைத்தான் முதலில் தின்னும். சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கழற்றும் முன் ஒவ்வொன்றையும் படம் எடுக்க வேண்டும். கழற்றியதைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடக் கூடாது.

சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகமும் ஒத்துப்போக வேண்டும். 2021-ல் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டு கடந்து, அசல் வடிவில் பெரிய மாற்றமின்றி இருக்கும் வண்டியை 'விண்டேஜ்' எனப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. டீசல் எஞ்சினை மாட்டினால் அந்தத் தகுதியே கேள்விக்குறி.

தம்பியின் வண்டியில் எண்ணினோம். ஏழு பிளவுகள். அவர் முகம் வாடியது. சுதந்திர இந்தியா தன் கையால் பூட்டிய வண்டி தம்பி, அதுவும் சரித்திரம்தான் என்றேன். மறுநாள் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்.