கறுப்புத் திரைக்கு ஒரு தாய்மொழி

இந்த முறை ஊர்க்கதை இல்லை, கணினிக் கதை. நான் படித்தது பி.காம்., பிழைப்பு வங்கியில். கம்ப்யூட்டர் இன்ஜினியர்கள் பொறுத்தருள்க. வெளியூரில் குடித்தனம் நடத்தும் நம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு சங்கதி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இருப்பது திருவனந்தபுரம் தம்பானூரில். இங்கே பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் வண்டியின் போர்டைத் தமிழில் மாட்டலாம், மலையாளத்திலும் மாட்டலாம். அதற்காக எஞ்சினை யாரும் பிரிப்பதில்லை. கணினியில் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையிலும் இப்படி மாட்டிக் கழற்றும் போர்டுகள் உண்டு. அவற்றுக்குச் சூழல் மாறி, அதாவது என்விரான்மென்ட் வேரியபிள், என்று பெயர். ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு, அவ்வளவுதான். புரோகிராமைத் தொடாமலே அதன் நடத்தையை மாற்றிவிடலாம்.

இது 1979-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் பிறந்தது. ஸ்டீபன் பார்ன் எழுதிய புகழ்பெற்ற ஷெல்லும் அதே பதிப்பில்தான் வெளிவந்தது. 'ஹோம்' என்ற மாறி உங்கள் வீட்டு முகவரி. 'பாத்' என்பது, நீங்கள் அடித்த கட்டளையை எந்தெந்த ஃபோல்டரில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்ற பட்டியல். 1983-இல் டாஸ் 2.0 வந்தபோது ஹார்ட் டிஸ்க்கும் ஃபோல்டர்களும் கூடவே வந்தன. தேடும் இடம் பெருகியதால் பாத் அங்கேயும் தேவைப்பட்டது. ஆனால் இந்த மாறிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து டாஸ் முதலில் ஒதுக்கிய இடம் வெறும் 160 பைட்! நிரம்பிவிட்டால் 'இடமில்லை' என்று கையை விரித்துவிடும்.

இனி நான் ரசித்த பகுதி. ஒரு புரோகிராம் இன்னொன்றைத் தொடங்கினால் முதலாவது தாய், இரண்டாவது சேய். தாயிடம் இருக்கும் மாறிகளின் நகல் சேய்க்குப் போகும். சேய் தன் நகலை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், தாயினுடையது மாறாது. தாய் பிறகு மாற்றினாலும், ஏற்கெனவே பிறந்துவிட்ட சேய்க்கு அது தெரியாது. அதனால்தான் விண்டோஸில் 'செட்' கட்டளை அந்த ஒரு ஜன்னலோடு முடிந்துபோகிறது. 'செட்எக்ஸ்' கொடுத்தால் நிரந்தரமாகப் பதியும், ஆனால் அடுத்துத் திறக்கும் ஜன்னலில்தான் தெரியும். லினக்ஸில் 'எக்ஸ்போர்ட்' செய்ததுதான் பிள்ளைக்குப் போகும். தினமும் வேண்டுமென்றால் ஹோமில் உள்ள 'பேஷ்ஆர்சி' கோப்பில் எழுதி வைக்க வேண்டும்.

பரம்பரைச் சொத்தில் வில்லங்கமும் வரும். 1989 முதல் பேஷ் ஷெல்லில் ஒளிந்திருந்த ஓட்டை 2014 செப்டம்பரில் வெளியானது. ஷெல்ஷாக் என்று பெயர் வைத்தார்கள். சூழல் மாறிக்குள் கட்டளையை ஒளித்து அனுப்பினால், ஷெல் அதை அப்படியே நிறைவேற்றிவிடும். உலகெங்கும் சர்வர்காரர்கள் தூக்கமிழந்தார்கள். கடவுச்சொல்லை மாறியில் போடுகிறவர்களும் கவனிக்க: தொடங்கும் ஒவ்வொரு சேய்க்கும் அதன் நகல் போகிறது.

சரி, மொழிக்கு வருவோம். 1989-இன் சி மொழித் தரத்திலேயே, ஊருக்கேற்றபடி நடந்துகொள்ளும் 'லோக்கேல்' வந்துவிட்டது. 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் யுடிஎஃப்-8 முறையை வகுத்தார்கள். அதே தாம்சன்தான் யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவர். இருந்தாலும் நம் ஆட்கள் டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியீட்டில் வெகுகாலம் எழுதிக்கொண்டிருந்தோம். ஒருவர் அனுப்பிய மடல் இன்னொருவருக்குப் பூச்சி பூச்சியாகத் தெரிந்த காலம் நினைவிருக்கிறதா?

கேரளம் இதில் முந்திக்கொண்டது. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதே திருவனந்தபுரத்துக்கு வந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். பிறகு ஐடி@ஸ்கூல் திட்டத்தின் வழியே அரசுப் பள்ளிகளுக்கு லினக்ஸ் போனது. கறுப்புத் திரை இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் எட்டியது.

லினக்ஸில் 'லாங்' என்ற மாறிக்கு இந்தியத் தமிழ் என்று மதிப்புக் கொடுத்தால், மொழிபெயர்ப்பு உள்ள கட்டளைகள் தமிழில் பேசும். அந்த லோக்கேல் கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆங்கிலம்தான். கட்டளைக்கு முன்னால் மட்டும் எழுதினால் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும். 'எல்சி ஆல்' என்ற மாறி இருந்தால் லாங்கின் பேச்சு எடுபடாது.

இன்னொரு மாறி இருக்கிறது: 'லாங்குவேஜ்'. குனு காரர்களின் ஏற்பாடு. இதில் ஒரு மொழியல்ல, வரிசையே கொடுக்கலாம். எங்கள் வீட்டுக் கணினியில் முதலில் தமிழ், அடுத்து மலையாளம், கடைசியில் ஆங்கிலம். ஒரு செய்திக்குத் தமிழ் இல்லையென்றால் மலையாளத்தில் தேடும், அதுவும் இல்லையென்றால்தான் ஆங்கிலம். தம்பானூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வரிசை எனக்குத் தெரியவில்லை. துபாயிலோ டொரண்டோவிலோ இருப்பவர்கள் நடுவில் உங்கள் ஊர் மொழியை வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குப் போவது நகல்தான். நாளை அவர்கள் வரிசையை மாற்றலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் நாம் பதிந்து வைக்காத மதிப்பு நகலில் வராது. பதிய ஒரே ஒரு வரிதான் வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்து பாருங்களேன்.